நீண்ட நாள் நின்ற நீரிறைக்கும் இயந்திரம்: காபரேற்றரைச் சரிசெய்தல்

ஊர் திரும்பியதும் கொட்டிலில் கிடந்த இரண்டு அங்குல நீரிறைக்கும் இயந்திரத்தின் கயிற்றை இழுத்துப் பார்க்கிறீர்கள், இயங்கவில்லை. பழைய இரும்பு விலைக்குக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். இழுக்கும்போது கயிறு இறுக்கமாக இருந்து, பிளக்கில் பொறியும் வந்தால், எஞ்சின் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். (பொறி பார்க்கும்போது பெற்றோல் அருகில் இருக்கக் கூடாது.) பழுது காபரேற்றரில்தான். மாதக்கணக்கில் நின்ற பெற்றோல் ஆவியாகிப் பிசின் போன்ற கழிவை விட்டுச் செல்கிறது. அது சிறு துவாரங்களை அடைத்துவிடும்.

தாங்கியிலுள்ள பழைய எண்ணெயை முழுவதும் வடித்துவிடுங்கள். அதற்குமேல் புதியதை ஊற்றிக் கலப்பதால் பயனில்லை. எண்ணெய்க் குழாயை மூடிவிட்டு, காபரேற்றரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு மிதவையும், எண்ணெய் வரும் வழியைத் திறந்து மூடும் சிறிய ஊசியும் இருக்கும். கழற்றுமுன் கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். அந்த ஊசி மணலில் விழுந்தால் தேடி எடுப்பது கடினம்.

நடுவிலுள்ள பித்தளைத் திருகாணிதான் ஜெற். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அதன் துவாரம் வட்டமாகத் தெரிய வேண்டும். அடைபட்டிருந்தால் புதுப் பெற்றோலில் ஊறவிட்டு, சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். கம்பியாலோ தையல் ஊசியாலோ குத்த வேண்டாம். பித்தளை மென்மையானது. துவாரம் சற்றுப் பெருத்தாலும் எண்ணெய் கூடுதலாகப் போகும். பிறகு புது ஜெற் வாங்குவதைத் தவிர வழியில்லை. காற்று வடியின் பஞ்சைச் சவர்க்கார நீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள்.

துப்புரவு முடியும்வரை எந்தத் திருகாணியையும் திருகிப் பார்க்க வேண்டாம். முடிந்தபின், உங்கள் இயந்திரத்தில் கலவைத் திருகாணி இருந்தால், அதை மெதுவாக வலப்பக்கம் திருகி, முட்டியதும் நிறுத்தி, ஏறக்குறைய 1½ சுற்று திருப்பி விடுங்கள். சோக்கை மூடி இயக்கி, எஞ்சின் சூடேறியதும் சோக்கைத் திறவுங்கள். இனிக் கலவைத் திருகாணியைக் கால் சுற்று அளவில் இருபக்கமும் அசைத்து, சத்தம் சீராக வரும் இடத்தில் விடுங்கள்.

சோக் மூடியிருந்தால் மட்டும் ஓடுகிறதா? துவாரம் இன்னும் அடைபட்டிருக்கிறது, அல்லது காபரேற்றர் பூட்டிய இடத்தால் காற்றுப் புகுகிறது. கரும்புகை வந்தால் காற்று வடியையும் சோக்கையும் பாருங்கள். எண்ணெய் வழிந்தால் மிதவை ஊசி தேய்ந்திருக்கும், அல்லது அதன் இருக்கையில் தூசு இருக்கும்.

மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தைப் பெற்றோலில் இயக்கி, சூடேறிய பின்பே மாற்ற வேண்டும். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நின்று, மறுநாள் கயிறு இழுத்தே கை ஓய்ந்துவிடும்.

எஞ்சின் நன்றாக ஓடியும் நீர் வராவிட்டால் காபரேற்றரைக் குறை சொல்ல வேண்டாம். நீர்மட்டம் ஏறக்குறைய 25 அடிக்குக் கீழே போனால் இவ்வகைப் பம்ப் நீரை உறிஞ்சாது. அதற்காக இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டக் கூடாது. அதன் புகையிலுள்ள நச்சுவாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. எஞ்சினை நிறுத்திய பின்னும் அது கிணற்றுக்குள் தங்கியிருக்கும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கக் கூடாது.