எல்லாருக்கும் ஒரே படி: வளையமாதேவி தரும் பாடம்

தர்மம் என்றதும் அன்னதானம் நினைவுக்கு வரும். அது நல்ல தர்மம். ஆனால் வலியவனுக்கு ஒரு படி, எளியவனுக்கு ஒரு படி என்று அளக்கும் இடத்தில் எத்தனை பேருக்கு அன்னம் இட்டாலும் தர்மம் நிறையாது.

அய்யா வைகுண்டர் காலத்துத் திருவிதாங்கூரில் தலைக்கு வரி. பனையேறும் ஏணிக்கும் தளைக்கும் வரி. கூலியில்லா ஊழியம் வேறு. எல்லாம் எளியவர் தலையில்தான் விழுந்தன. அரசனின் ஆணையானாலும் அநீதி அநீதிதான் என்று அய்யா துணிந்து சொன்னார், சிறைக்கும் சென்றார்.

இன்று சட்டப் புத்தகத்தில் எல்லாரும் சமம். நடப்பில் சமமா? நெய்வேலிக்கு அருகே வளையமாதேவியைப் பார்ப்போம்.

2023 ஜூலை 26 அன்று அங்கே போலீஸ் பாதுகாப்போடு பொக்லைன்கள் வயலில் இறங்கின. என்.எல்.சி. சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் வேலை அது. பச்சை நெற்பயிர் மண்ணோடு புரண்டது. நிலத்தை 2006 முதல் 2013 வரையில் எடுத்தாகிவிட்டது, பயிரிட வேண்டாம் என்று முன்பே சொன்னோம், மழைக்கு முன் கால்வாய் முடியாவிட்டால் சுரங்கத்தில் வெள்ளம் புகும் என்றது நிறுவனம். கொடுத்த தொகை போதாது என்றார்கள் விவசாயிகள். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதில் படி எங்கே மாறுகிறது? எடுத்த நிலத்தைப் பத்து ஆண்டுக்கு மேல் சும்மா விட்டது நிறுவனம்; அது குற்றமாகவில்லை. அதே நிலத்தில் நெல் விதைத்தவர் அத்துமீறியவர் ஆனார். புதிய நிலமெடுப்புச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கிராம நிலத்துக்குச் சந்தை விலையைக் கூட்டிக் கணக்கிட்டு, அதற்குச் சமமாக ஆறுதல் தொகையும் தரச் சொல்வது அந்தச் சட்டம். அதற்கு முன் நிலம் போனவருக்குப் பழைய கணக்குதான். பக்கத்து வயல், ஒரே மண். தேதி ஒன்றால் விலை வேறு.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. என்.எல்.சி. 1956-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். அதன் பங்குகள் சந்தையில் கைமாறுகின்றன. 2013-ல் மத்திய அரசு ஒரு பகுதியை விற்க வந்தபோது, தனியாரிடம் போகாதிருக்கத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கின. பங்கு உள்ளவருக்கு லாபம் உண்டு, குரலும் உண்டு. நிலம் விட்டவருக்கு ஒரு முறை பணம், சிலருக்கு வேலை, அதோடு சரி. பொக்லைன் ஓட்டுபவர் கூலியாள், அதிகாரி உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர், பங்குதாரர் வயலையே பார்த்திராதவர். யாரைக் கேட்டாலும் "என் கையில் இல்லை" என்பார். அன்று வரி கேட்ட அரசனுக்காவது முகம் இருந்தது.

நெய்வேலி மின்சாரம் நம் வீட்டிலும் எரிகிறது. ஆகவே இது நமக்கும் உள்ள கணக்கு. மின்சாரம் வேண்டாம் என்பதல்ல பாடம். அதன் விலையை ஒரு ஊர் மட்டும் சுமக்கக் கூடாது என்பதே பாடம்.

இதை வீட்டிலிருந்தே தொடங்கலாம். வட்டிக்குக் கொடுக்கும்போதும், கூலி பேசும்போதும், குத்தகை எழுதும்போதும் "இதே விதியை எனக்கு வைத்தால் ஏற்பேனா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தாங்கல் கணக்கை எல்லாரும் பார்க்கத் திறந்து வைக்க வேண்டும். தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே அய்யா காட்டிய தர்மம்.

அய்யா உண்டு!