விண்வெளி சீரியலில் ஒரு முழம் பணம்!

டிவியில் விண்வெளி சீரியல்களை விரும்பிப் பார்ப்பவரா நீங்கள்? அப்படியானால் அவற்றில் வருபவர்கள் டாலரோ பவுண்டோ கொடுப்பது அபூர்வம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலும் ‘கிரெடிட்’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அதில் ஆராய எதுவும் இல்லை. ஆனால் சில சீரியல்களில் பணத்துக்கு விசித்திரமான பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குள் கதாசிரியர் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாரா? கண்டுபிடிப்பது எப்படி என்று பார்ப்போம்.

1978-ல் வந்த ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வில் பணத்தின் பெயர் ‘க்யூபிட்’. ஆங்கில பைபிள் படித்தவர்களுக்கு இது பழகிய சொல். நோவாவின் பேழை 300 க்யூபிட் நீளம் என்று அதில் வரும். தமிழ் பைபிளில் இதுவே 300 முழம். ஆம், நாம் மல்லிகைப் பூ வாங்கும் அதே முழம்தான்! நீளத்தை அளக்கும் சொல் பணத்துக்கு ஏன் வந்தது? பெயரை மட்டும் காட்டினால் ‘தற்செயல்’ என்று எதிரில் இருப்பவர் சொல்லிவிடுவார். எனவே சுற்றிலும் பாருங்கள். அழிவிலிருந்து தப்பியவர்கள் கப்பல்களில் ஏறிப் புது உலகம் தேடுவதுதான் கதை. சீரியலை உருவாக்கிய க்ளென் லார்சன் மார்மன் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். கதையில் மனித இனம் தோன்றிய கிரகம் ‘கோபோல்’. மார்மன் நூலில் வரும் நட்சத்திரம் ‘கோலோப்’. ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், இரண்டே எழுத்துகள் இடம் மாறியிருக்கும். இத்தனையும் சேரும்போது க்யூபிட்டும் பைபிளிலிருந்து வந்தது என்ற ஊகம் வலுவாகிறது. ஊகம்தான், நிரூபணம் அல்ல.

அடுத்து, 1993-ல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’. இதில் ஃபெரெங்கி வியாபாரிகள் உயிரை விடுவது ‘லேட்டினம்’ என்ற பொருளுக்காக. பிளாட்டினத்தின் முதல் எழுத்தை நீக்கினால் லேட்டினம்! கல்லூரி நாட்களில் இதைப் பெரிய கண்டுபிடிப்பாக நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். சரியாகவே இருக்கலாம். ஆனால் அதனால் என்ன தெரிந்துகொண்டோம்? ஒன்றுமில்லை.

உண்மையான விஷயம் பெயரில் இல்லை, விதியில் இருக்கிறது. அந்த உலகில் ‘ரெப்ளிகேட்டர்’ என்ற இயந்திரம் கேட்ட பொருளை நகலெடுத்துத் தந்துவிடும். லேட்டினத்தை மட்டும் நகலெடுக்க முடியாது. அது திரவம் என்பதால் தங்கக் கட்டிக்குள் அடைத்துக் கொடுப்பார்கள். 1998-ல் வந்த ஒரு எபிசோடில் லேட்டினம் உறிஞ்சப்பட்ட கட்டிகள் குவார்க்குக்குக் கிடைக்கின்றன. கை நிறையத் தங்கம் இருந்தும் எல்லாம் வீண் என்று புலம்புகிறார்!

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நமக்கு இது புதிதல்ல. ஒரு எம்பி3 பாட்டை ஆயிரம் முறை காப்பி செய்தாலும் தரம் குறையாது. பணமும் அப்படி ஒரு ஃபைலாக இருந்தால்? ஒரே நோட்டை இரண்டு கடைகளில் கொடுத்துவிடலாமே! பிட்காயினை விளக்கும் 2008-ம் ஆண்டுக் கட்டுரை தீர்க்க முயன்றது இந்தச் சிக்கலைத்தான். லேட்டினம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே டிவியில் வந்துவிட்டது.

உங்களுக்கு ஒரு பயிற்சி. 1977-ல் வந்த ‘டாக்டர் ஹூ’வின் ‘தி சன் மேக்கர்ஸ்’ கதையைப் பாருங்கள். புளூட்டோவில் வரிச் சுமையால் மக்கள் நொறுங்கும் கதை. அங்கே பணம் ‘டால்மர்’. அந்தப் பெயரைப் பிய்த்துக்கொண்டிருக்காமல், ‘பி45’ என்ற நடைபாதை எங்கே வருகிறது என்று தேடுங்கள். பிரிட்டனில் வேலையை விட்டு விலகுபவரிடம் கொடுக்கப்படும் வரிப் படிவத்தின் பெயரும் பி45-தான்!