மின்சார வாகனத் திருத்த வேலை: முதல் போடுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டதிலிருந்து வியாபாரிகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "நானா, இனி எல்லாம் கரண்ட் வாகனம் என்கிறார்கள். ஒரு கராஜ் போடலாமா? எவ்வளவு முதல் வேண்டும்?" கேட்பவர்களில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்காரரும் உண்டு, பாவித்த வாகனம் வாங்கி விற்பவரும் உண்டு, மகனுக்கு ஒரு தொழில் அமைத்துக் கொடுக்க நினைக்கும் புடவைக்கடை முதலாளியும் உண்டு. பல வருடங்களாக ஹைபிரிட், மின்சார வாகனங்களைத் திருத்தி வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பெற்றோல் வாகனம் பார்க்கும் கராஜின் வருமானம் எங்கிருந்து வருகிறது? ஒயில் மாற்றுவது, ஒயில் பில்டர், எயார் பில்டர், பிளக், டைமிங் பெல்ட், கிளட்ச், சைலன்சர். இவற்றில் கூலியை விட சாமானில் வைக்கும் இலாபமே கராஜை ஓட்டுகிறது. முழு மின்சார வாகனத்தில் இவை ஒன்றுமே இல்லை. டயர், பிரேக், சஸ்பென்ஷன், ஏ.சி. ஆகியவை மட்டும் மிஞ்சும். பிரேக் கட்டைகூட மெதுவாகவே தேயும், ஏனென்றால் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்து, அந்தச் சக்தியைப் பெட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே பஞ்சிகாவத்தையில் சாமான் வாங்கி இலாபம் வைத்துப் பழகியவர், அதே கணக்கோடு இந்தத் தொழிலுக்கு வந்தால் ஆறு மாதத்தில் கதவை மூட வேண்டி வரும். இங்கே விற்பது சாமான் அல்ல. கோளாறு எங்கே இருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்துச் சொல்வதைத்தான் விற்கிறோம்.

இதற்கு ஓர் உதாரணம். ஒரு டீச்சரின் லீஃப் ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு கராஜில் பெரிய பெட்டரி போய்விட்டது, இலட்சக்கணக்கில் செலவாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் முதலில் பார்த்தது பொனட்டுக்குக் கீழே இருக்கும் சாதாரண 12 வோல்ட் பெட்டரியை. மின்சார வாகனத்திலும் அது உண்டு. கம்பியூட்டரை எழுப்புவதும், பெரிய பெட்டரியின் இணைப்பை மூடுவதும் அதன் வேலை. அது இறங்கிவிட்டால் பெரிய பெட்டரி நிறைந்திருந்தாலும் வாகனம் அசையாது. அதை மாற்றியதும் வண்டி ஓடியது. சாமானில் எனக்குக் கிடைத்த இலாபம் சொற்பம். ஆனால் சோதனைக்கென்று தனியாக ஒரு கட்டணம் வாங்கினேன், அவர் மகிழ்ச்சியோடு தந்தார். சோதனைக் கட்டணத்தைக் கூச்சப்படாமல் பில்லில் போடப் பழக வேண்டும். "பார்த்ததற்கும் காசா?" என்று கேட்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். பார்ப்பதுதான் வேலையே.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது, இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் தலைமுறை நிசான் லீஃப் பெட்டரியில் 48 துண்டுகள் இருக்கின்றன. தனியே எடுத்தால் ஒன்று ஏறத்தாழ ஏழரை வோல்ட்தான், தொட்டாலும் ஒன்றும் தெரியாது. 48ஐயும் தொடராக இணைத்தால் 360 வோல்ட். அதுவும் நேரோட்ட மின்சாரம். வீட்டு லைனில் ஏதும் நடந்தால் ட்ரிப் சுவிட்ச் விழும். பெட்டரிக்கு அப்படி இல்லை. வண்டியை ஓஃப் செய்தாலும் அந்தப் பெட்டிக்குள் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

அதனால் செம்மஞ்சள் நிற வயரில் கை வைக்குமுன் ஓர் ஒழுங்கு உண்டு. வண்டியை ஓஃப் செய்து, சாவியைத் தூர வைத்து, 12 வோல்ட் இணைப்பைக் கழற்றி, சர்விஸ் பிளக்கை இழுத்தெடுக்க வேண்டும். அந்தப் பிளக்கை வேலை செய்பவர் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் உதவிப் பொடியன் நல்லெண்ணத்தோடு திரும்பப் பூட்டிவிடுவான். பிறகு பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். இன்வர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் சேமித்து வைத்த மின்சாரம் வடிய அந்த நேரம் வேண்டும். அதற்குப் பிறகும் 1000 வோல்ட் தாங்கும் மீட்டரால் அளந்து, இல்லை என்று கண்டபின்தான் வேலை. கையில் 1000 வோல்ட்டுக்குரிய இறப்பர் கையுறை, அதற்கு மேல் தோல் கையுறை. ஒவ்வொரு முறையும் காற்றை அடைத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கையுறையைச் சோதனைக்குக் கொடுக்கவும் வேண்டும். முதல் போடுபவர் இந்தச் செலவை லிஃப்டுக்கும் போர்டுக்கும் முன்னால் எழுத வேண்டும். "பழகின கைதானே, கையுறை எதற்கு" என்று சொல்லும் பாஸை வேலைக்கு வைக்காதீர்கள். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி.

ஏ.சி. வேலை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மின்சார வாகனத்தின் கொம்பிரஸர் உயர் வோல்ட்டில் ஓடுவது. அதற்குள் இருக்கும் ஒயில் மின்சாரம் கடத்தாத பி.ஓ.ஈ. வகை. பெற்றோல் வாகனத்துக்குப் பாவிக்கும் பி.ஏ.ஜி. ஒயில் சிறிதளவு கலந்தாலே மின்கசிவு காட்டி வாகனம் நின்றுவிடலாம். ஒரே கேஸ் மெஷினை இரண்டுக்கும் பாவிப்பவர்களால் இந்தக் கோளாறு வருகிறது. கொம்பிரஸரின் விலை தெரிந்தவர்களுக்கு இதன் பாரம் விளங்கும்.

இனிப் பாவித்த வாகனம் வாங்கி விற்பவர்களுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அவர்கள்தான். 2014, 2015 காலத்தில் நம் நாட்டுக்கு லீஃப் நிறைய வந்தது. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் அதே வண்டிகள் கைமாறிக் கைமாறி ஓடின. 2022ல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது அவற்றின் மதிப்பு ஏறியது. ஆனால் லீஃப் பெட்டரிக்கு நீரால் குளிரூட்டும் ஏற்பாடு கிடையாது. நம் வெப்பத்தில் அது வேகமாகத் தளரும்.

டேஷ்போர்டில் 12 கோடுகள் இருக்கும். முதற்கோடு மறையும்போதே ஏறத்தாழ 15 வீதம் போயிருக்கும், பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் ஆறு வீதத்துக்குச் சற்று மேல். ஆகவே எட்டுக் கோடு என்பது மூன்றில் இரண்டு பங்கு என்று பொருள். பலர் கோட்டை எண்ணித்தான் விலை பேசுகிறார்கள். ஆனால் கம்பியூட்டரில் பழைய கணக்கை அழித்துவிட்டால் தளர்ந்த பெட்டரியும் சில வாரங்களுக்கு 12 கோடு காட்டும், பிறகு ஒவ்வொன்றாக இறங்கும். அதற்குள் வண்டி கைமாறியிருக்கும், காசும் கைமாறியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க விலை கூடிய மெஷின் வேண்டியதில்லை. சார்ஜ் செய்யும் வயருக்கு முன்னால் ஓர் அலகு மீட்டரைப் பூட்டுங்கள். பெட்டரியை ஏறத்தாழக் காலியாகும் வரை ஓட்டிவிட்டு, இரவு முழுவதும் சார்ஜ் போடுங்கள். 24 கிலோவாட் மணி பெட்டரி புதிதாக இருந்தபோது, சார்ஜில் வீணாவதையும் சேர்த்து, சுவரிலிருந்து 24, 25 அலகு இழுத்தது. 14, 15 அலகிலேயே நிறைந்துவிட்டது என்றால் பெட்டரி அறுபது வீதத்துக்குக் கிட்டத்தான் இருக்கிறது, டேஷ்போர்ட் என்ன காட்டினாலும் சரி. மின்சார மீட்டரிடம் பொய் சொல்ல முடியாது. விற்பவர் ஓர் இரவு வண்டியை விட மறுத்தால், அந்த மறுப்பையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் விற்பவராக இருந்தால் இந்த அளவை எழுதிக் கையெழுத்திட்டு வாங்குபவரிடம் கொடுங்கள். அப்படிச் செய்யும் ஒருவரை எனக்குத் தெரியும். மற்றவர்களைவிடக் கூடிய விலைக்குத்தான் அவர் விற்கிறார், அப்படியிருந்தும் வாங்குபவர்கள் அவரிடமே போகிறார்கள்.

பெட்டரி திருத்துவதிலும் இதே நேர்மைப் பிரச்சினை. பழைய பிரியஸ் பெட்டரியில் 28 துண்டுகள். இரண்டு கெட்டுப்போனால் அந்த இரண்டை மட்டும் மாற்றிக் கொடுக்கலாம், மலிவாக முடியும். ஆனால் மீதி 26உம் அதே வயது. சில மாதத்தில் இன்னொன்று போகும், வாடிக்கையாளர் திரும்பி வந்து சத்தம் போடுவார். முழுவதையும் தனித்தனியே சார்ஜ் ஏற்றி இறக்கி அளந்து, ஒத்தவற்றைச் சேர்த்துப் பூட்ட நாட்கணக்கில் ஆகும். நான் இரண்டு விலையையும் சொல்லி, மலிவு வேலைக்கு உத்தரவாதம் இல்லை என்று பில்லிலேயே எழுதிவிடுவேன். அதற்குப் பிறகும் மலிவைக் கேட்பவர் அறிந்தே கேட்கிறார்.

இப்போது வரும் புதிய வாகனங்களை நம்பி மட்டும் கராஜ் போட வேண்டாம். பி.வை.டி. போன்றவற்றில் இருப்பது இரும்பு பொஸ்பேற்று வகைப் பெட்டரி, லீஃபை விட நீடித்து உழைப்பது. உத்தரவாதக் காலம் முடியும் வரை அவை கம்பனியின் வேலைத்தளத்துக்கே போகும். வெளியார் கைக்கு வர வருடங்கள் ஆகும். அதுவரை சோறு போடுவது பழைய ஹைபிரிட்டும் லீஃபும்தான். ஆகவே இருக்கும் கராஜில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, ஸ்கேனர், மீட்டர், மின்கசிவு அளக்கும் கருவி, கையுறை ஆகியவற்றோடு சிறிதாகத் தொடங்குவதே புத்தி. சேதமான பெட்டரிகளைக் கட்டடத்துக்கு உள்ளே அடுக்கி வைக்காமல் வெளியே நிழலான இடத்தில் தனியாக வையுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கும் இந்த வேலை செய்வதை முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

கடைசியாக, வேலை செய்யும் பொடியன். இந்தத் தொழிலின் உண்மையான முதல் அவன்தான். வயரிங் வரைபடம் வாசிக்கவும், அளந்து பார்க்காமல் எதையும் நம்பாமல் இருக்கவும் பழக இரண்டு மூன்று வருடம் ஆகும். பழகியதும் வெளிநாட்டிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள். சம்பளத்தோடு சோதனைக் கட்டணத்தில் ஒரு பங்கையும் கொடுங்கள். அவன் கையில் அனுபவம் இருந்து சான்றிதழ் இல்லையென்றால், முன்அனுபவத்தைச் சோதித்து என்.வி.கியூ. வழங்கும் வழி இருக்கிறது, அந்த விண்ணப்பக் கட்டணத்தை நீங்களே கட்டிவிடுங்கள்.