எம்.டி. சம்பளம் ஏறுகிறது, ஷேர் ஏறவில்லையா? அக்காவின் டிப்ஸ்

கண்ணு, ஷேர் வாங்கின சுரங்கக் கம்பெனி நஷ்டத்தில் கிடக்கிறது, எம்.டி. சம்பளம் மட்டும் வருஷா வருஷம் ஏறுகிறது என்று நீ பொருமுவதில் தப்பில்லை. ஆனால் பொருமிக்கொண்டே ஓட்டுப் போடாமல் விட்டால் அந்த எம்.டி.க்கு அதைவிட வசதி வேறு இல்லை. ஓட்டுப் போடும் முன் கணக்குப் பார்க்க வேண்டும். அதற்கு ஆடிட்டர் படிப்பெல்லாம் தேவையில்லை. லாரிக்கு டீசல், டயர், டோல் கணக்கு எழுதத் தெரிந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு இது தன்னால் வரும்.

ஊர்ப் பாசத்தில் வாங்காதே

சேலத்து வெள்ளக்கல் (மேக்னசைட்) உலகத் தரம் என்று சொல்லி யாராவது ஷேர் விற்க வந்தால் முதலில் கம்பெனி பெயரைக் கேள். டான்மாக் என்கிற தமிழ்நாடு மேக்னசைட் 1979-இல் தொடங்கிய மாநில அரசுக் கம்பெனி. பழைய பர்ன் ஸ்டாண்டர்டு சுரங்கம் 2011-இல் மத்திய அரசு உருக்குக் கம்பெனியான செயில் கைக்கு மாறி, செயில் ரிஃப்ராக்டரி ஆனது. இந்த இரண்டின் பங்கும் சந்தையில் கிடைக்காது.

கல் நல்ல கல்லாக இருந்தாலே கம்பெனியும் நன்றாக இருக்கும் என்றும் நினைக்காதே. சேலத்து இரும்புக்கல்லை நம்பி ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் 1830-இல் பரங்கிப்பேட்டையில் உலை வைத்தார். அந்தத் தொழில் கைமாறிக் கைமாறி, 1853-இல் ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனி என்ற பெயரில் புது முதலும் திரட்டியது. கல்லில் குறை இல்லை. அதை உருக்கக் காடு காடாக மரக்கரி வேண்டியிருந்தது, கரி கிடைப்பது வர வரக் கஷ்டமானது. 1870-களோடு கதை முடிந்தது.

நமக்கு இன்னும் கிட்டத்தில் நடந்தது மேட்டூர் மால்கோ. ஏற்காட்டிலும் நம் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் லாரியில் இறங்கி மேட்டூர் போய் அலுமினியமாக ஆனது. இத்தாலிக்காரர்கள் கூட்டோடு 1965-இல் உற்பத்தி தொடங்கிய கம்பெனி. கரண்ட் தட்டுப்பாட்டில் நொடித்து, 1995-இல் ஸ்டெர்லைட் கைக்குப் போனது. 2008 கடைசியில் அலுமினியம் உருக்குவது நின்றது. 2009-இல் பங்குச் சந்தைப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. 2013-இல் சேசா ஸ்டெர்லைட்டுக்குள் கரைந்தது, அதற்கு இன்று பெயர் வேதாந்தா. இந்தத் திருப்பங்களில் எதையும் நூறு ஷேர், இருநூறு ஷேர் வைத்திருந்தவர் முடிவு செய்யவில்லை. அதனால் வாங்கும் முன் பார்க்க வேண்டிய முதல் எண், புரமோட்டர் கையில் எத்தனை சதவீதம் என்பது. சந்தை இணையதளத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் போடுகிறார்கள்.

சம்பளத்தை எதோடு ஒப்பிடுவது?

ஷேர் விலையோடு ஒப்பிடாதே. தாது விலை ஏறினால் தூங்குகிற எம்.டி.யும் கெட்டிக்காரராகத் தெரிவார். முட்டைக்கு என்இசிசி நல்ல விலை அறிவித்த மாதம் லாபம் பார்த்தவரை நம் நாமக்கல்லில் யாரும் சிறந்த பண்ணைக்காரர் என்று சொல்வதில்லை, ஒரு முட்டைக்கு எத்தனை கிராம் தீவனம் போனது என்றுதான் கேட்பார்கள். அதே மாதிரி, ஆனுவல் ரிப்போர்ட்டில் டன் கணக்கைத் தேடு. போன வருஷம் எத்தனை டன் வெட்டினார்கள், இந்த வருஷம் எத்தனை, ஒரு டன்னுக்கு என்ன செலவு? ஐந்து வருஷத்து எண்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, பக்கத்திலேயே எம்.டி. சம்பளத்தையும் எழுது. டன் இறங்கிச் சம்பளம் ஏறியிருந்தால், ஏஜிஎம்மில் (ஆண்டுப் பொதுக்கூட்டத்தில்) கேட்க உன்னிடம் ஒரு கேள்வி தயார்.

கம்பெனி இன்னும் தாது தேடும் நிலையில் இருந்தால் டன் இருக்காது. அப்போது மண்ணுக்குள் எவ்வளவு பணம் போனது, ஆபீசுக்குள் எவ்வளவு போனது என்று பிரித்துப் பார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் வீட்டில் பெண் எடுத்த ஊர் நம்முடையது. அடிக்கு என்ன ரேட், எத்தனை அடி ஓட்டினாய் என்று கேட்காமல் நாம் யாருக்கும் பணம் எண்ணிக் கொடுத்ததில்லை. தாது தேட ஓட்டும் கோர் டிரில்லிங் வேறு ரகம்: வைர பிட், மீட்டர் கணக்கு, ரேட்டும் அதிகம். ஆனால் கேள்வி அதேதான், இந்த வருஷம் எத்தனை மீட்டர்? மீட்டர் கணக்கே இல்லாமல் 'சாத்தியக்கூறுகளை ஆராய்ந்து வருகிறோம்' என்று மூன்று வருஷமாக ஒரே வாக்கியத்தை அச்சடிக்கிற கம்பெனி, என்னைக் கேட்டால், இயக்குநர்களுக்குச் சம்பளம் கொடுப்பதற்காக நடக்கிற கம்பெனி.

இருப்பு எவ்வளவு என்று பெரிய எண் போட்டிருந்தால் அதன் பக்கத்தில் உள்ள குறியீட்டையும் பார். 111 என்றால் நிரூபிக்கப்பட்டு வெட்டி எடுக்கத்தக்கது. 333 என்றால் பெரும்பாலும் ஊகம். இரண்டையும் கூட்டிப் பெரிதாகக் காட்டினால் உஷார்.

குத்தகைக் காலத்தையும் பார்க்க மறக்காதே. 2015-இல் கனிமச் சட்டத்தைத் திருத்திய பிறகு பெரிய கனிமங்களின் புதுக் குத்தகைகள் ஏலத்தில் போகின்றன. சொந்த ஆலைக்காக வெட்டும் பழைய குத்தகைகள் பலவற்றுக்கு 2030 மார்ச் 31 கெடு. கெடு நெருங்கும் சுரங்கத்தை வைத்துக்கொண்டு எம்.டி.க்கு ஐந்து வருஷ ஒப்பந்தம் கேட்டால், கெடு முடிந்தபின் அவர் எதை நிர்வகிப்பார் என்று கேள்.

எங்கே ஒளிந்திருக்கும்?

சம்பளம் இயக்குநர் அறிக்கையின் இணைப்பில் இருக்கும். ஊழியர்களைச் சம்பள வரிசைப்படி நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவதைப்போல் எம்.டி. எத்தனை மடங்கு வாங்குகிறார் என்று பட்டியலிட்ட கம்பெனி சொல்லியே ஆக வேண்டும். சுரங்கத்தில் இதில் ஒரு ஓட்டை உண்டு. கல் உடைப்பவரும் வண்டி ஓட்டுபவரும் காண்ட்ராக்ட் ஆட்கள் என்றால் அவர்கள் இந்த வரிசையில் வர மாட்டார்கள். ஆபீஸ் ஆட்கள் மட்டும் நிற்கிற வரிசையில் மடங்கு சின்னதாகத்தான் தெரியும்.

சம்பளத்தைவிட நான் அதிகம் பயப்படுவது 'தொடர்புடைய தரப்பினர்' பரிவர்த்தனைக்கு. எம்.டி. சம்பளம் அடக்கமாக இருக்கும். பொக்லைன் வாடகை அவர் மைத்துனர் கம்பெனிக்குப் போகும், ஆபீஸ் வாடகை மனைவிக்குப் போகும், தாது ஏற்றும் லாரிக் காண்ட்ராக்ட் மகன் பெயரில் இருக்கும். கணக்குக் குறிப்புகளின் கடைசிப் பக்கங்களில் இது வரும். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் டன்னுக்கு, கிலோமீட்டருக்கு என்ன வாடகை என்று உனக்குத் தெரியும், ஒப்பிட்டுப் பார்.

இந்த இடத்தில்தான் சின்னப் பங்குதாரருக்கு நிஜமான பலம் உண்டு. இப்படிப்பட்ட பரிவர்த்தனை ஓட்டுக்கு வந்தால் தொடர்புடையவர் அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட முடியாது. 2023 ஜனவரியில் ஹிந்துஸ்தான் ஜிங்க், தன் தாய்க் கம்பெனி வேதாந்தாவின் வெளிநாட்டு ஜிங்க் சுரங்கங்களை 298.1 கோடி டாலருக்கு வாங்கப் போவதாகச் சொன்னது. சுமார் 29.5 சதவீதம் வைத்திருந்த மத்திய அரசு எதிர்த்தது. பேரம் நிறைவேறவில்லை. அரசே அங்கே சிறுபான்மைப் பங்குதாரர், நம்மைப்போலத்தான் (கொஞ்சம் பெரியவர், அவ்வளவுதான்).

சட்டம் எவ்வளவு விடுகிறது?

லாபம் இருக்கிற கம்பெனியில் ஒரு எம்.டி.க்கு நிகர லாபத்தில் 5 சதவீதம். அதைத் தாண்ட சிறப்புத் தீர்மானம் வேண்டும். லாபமே இல்லையென்றால்? அப்போதும் உண்டு. மூலதனம், ரிசர்வ், நீண்ட காலக் கடன் எல்லாம் கூட்டி, நஷ்டத்தைக் கழித்து வரும் தொகை 5 கோடிக்குக் கீழே என்றால் வருஷத்துக்கு 60 லட்சம் வரையும், 5 முதல் 100 கோடி வரை என்றால் 84 லட்சம் வரையும் சாதாரணத் தீர்மானத்திலேயே கொடுக்கலாம். அதற்கு மேல் போனால்தான் சிறப்புத் தீர்மானம். ஆக, 'நஷ்டத்தில் சம்பளம் வாங்குவது சட்டவிரோதம்' என்று ஏஜிஎம்மில் கத்தாதே, கம்பெனி செக்ரட்டரி ஒரு வரியில் உன்னை உட்கார வைத்துவிடுவார். வரம்பைத் தாண்டியதா என்று மட்டும் கேள்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. செலுத்திய மூலதனம் 10 கோடிக்கும், நிகர மதிப்பு 25 கோடிக்கும் மிகாத குட்டிக் கம்பெனிகளுக்கு செபியின் நிர்வாக விதிகளில் பெரும்பகுதி பொருந்தாது. பெரிய கம்பெனிப் பங்குதாரருக்கு இருக்கும் பாதுகாப்பு உனக்கு அங்கே இருக்காது, பெரும்பாலும் கம்பெனிச் சட்டம்தான் துணை.

மூன்றால் வகுத்துப் பார்

சிறப்புத் தீர்மானம் நிறைவேற, விழுந்த ஓட்டில் நான்கில் மூன்று பங்கு வேண்டும். 'விழுந்த ஓட்டில்' என்பதைக் கவனி. புரமோட்டரிடம் 60 சதவீதம் என்றால் அதை மூன்றால் வகு: 20. மீதி 40-இல் 20-க்குக் கொஞ்சம் அதிகமாக எதிர்த்து விழுந்தால் தீர்மானம் தோற்கும். பத்தே பத்து விழுந்தால் 70-இல் 60, சுளையாக நிறைவேறும். புரமோட்டரிடம் 75 சதவீதம் இருந்தால் வகுக்கவே வேண்டாம், அங்கே சம்பளத்துக்கு எதிராக உன் ஓட்டு ஒரு கையெழுத்து மட்டுமே. எம்.டி. சம்பளத்துக்கு எம்.டி.யே பங்குதாரராக ஓட்டுப் போடலாம், அதில் தடை இல்லை.

தோற்றதே இல்லையா என்றால், உண்டு. சுரங்கம் இல்லை, மோட்டார். 2021 ஆகஸ்டில் புல்லட் வண்டி செய்யும் ஐஷர் மோட்டார்ஸில் சித்தார்த் லாலின் மறுநியமனத்தையும் சம்பளத்தையும் ஒன்றாகக் கட்டிய சிறப்புத் தீர்மானம் 75-ஐ எட்டவில்லை. லாபத்தில் 3 சதவீதம் என்றிருந்த உச்சவரம்பை 1.5 ஆகக் குறைத்து மறுபடி கொண்டுவந்தார்கள், நிறைவேறியது. சின்னச் சுரங்கக் கம்பெனிகள் குவிந்திருக்கும் ஆஸ்திரேலியாவில் 2011 முதல் ஒரு விதி: சம்பள அறிக்கைக்கு இரண்டு வருஷம் தொடர்ந்து 25 சதவீத எதிர்ப்பு விழுந்தால், இயக்குநர் குழுவையே மறுதேர்தலுக்கு அனுப்பலாமா என்று அதே கூட்டத்தில் ஓட்டெடுக்க வேண்டும். நம் நாட்டில் அது இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும்.

ஓட்டு, கேள்வி, வெளியேறுதல்

ஏஜிஎம் நோட்டீஸ் 21 நாள் முன்னால் மெயிலில் வரும். மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனி என்றால் செப்டம்பர் 30-க்குள் கூட்டம். ஈ-வோட்டிங் குறைந்தது மூன்று நாள் திறந்திருக்கும், கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை 5 மணிக்கு மூடும். கட்-ஆஃப் தேதியில் ஷேர் உன் டீமேட்டில் இருக்க வேண்டும். நோட்டீஸில் தீர்மானத்தைப் படித்ததும் நிறுத்தாதே, கீழே வரும் விளக்கக் குறிப்பில்தான் எண்கள் இருக்கும். கூட்டத்தில் பேச வேண்டுமானால் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். ஒரே கேள்வி கேள், அதில் ஒரு எண் இருக்கட்டும். 'ஏன் இப்படிச் செய்கிறீர்கள்' என்று கேட்டால் ஐந்து நிமிஷம் நாட்டுப் பொருளாதாரம் பேசுவார்கள். 'போன வருஷம் டன்னுக்கு என்ன செலவு, இந்த வருஷம் என்ன' என்றால் சொல்லியாக வேண்டும்.

சின்னப் பங்குதாரர்கள் ஆயிரம் பேரோ அவர்களில் பத்தில் ஒரு பங்கோ, எது குறைவோ அத்தனை பேர் சேர்ந்து தங்களுக்கென ஒரு இயக்குநரை முன்மொழியச் சட்டத்தில் வழி உண்டு. நடைமுறையில் அபூர்வம். செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் டிவிடெண்ட் வரவில்லை, தகவல் தரவில்லை என்று புகார் செய். 'சம்பளம் அதிகம்' என்று மட்டும் எழுதினால் வேலைக்கு ஆகாது.

பட்டியலிலிருந்து நீங்கப் போகிறோம் என்று கம்பெனி அறிவித்தால், கேட்கும் விலையை நீயும் சொல்ல வழி இருக்கலாம். 2020 அக்டோபரில் வேதாந்தா 87 ரூபாய் 25 காசை அடிப்படை விலையாக வைத்து முயன்றது. எல்ஐசி 320 ரூபாய் கேட்டது. தேவைப்பட்ட 134 கோடி ஷேர் சேரவில்லை, முயற்சி தோற்றது. பட்டியல் நீங்கியே போனாலும் ஒரு வருஷத்துக்கு அதே விலையில் ஷேரைக் கொடுக்க அவகாசம் உண்டு, அதை விட்டுவிடாதே.

ஐந்து வருஷக் கணக்கு மோசம், புரமோட்டரிடம் 70-க்கு மேல், குட்டிக் கம்பெனி விலக்கும் இருக்கிறது என்றால் ஓட்டோடு மல்லுக்கட்டாதே, விற்றுவிடு. 'வாங்கின விலை வரட்டும்' என்று காத்திருக்காதே, நீ என்ன விலைக்கு வாங்கினாய் என்பது சுரங்கத்துக்குத் தெரியாது.

இப்போதைக்கு ஒரு வேலை செய். டீமேட்டில் இருக்கும் உன் போன் நம்பரும் மெயிலும் பழையதா என்று பார். கல்யாணத்துக்கு முன் இருந்த நம்பராக இருந்தால் ஓட்டுக்கான ஓடிபி யாருக்கோ போகும். நோட்டீஸ் வந்தால் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, விளக்கக் குறிப்பை நானும் படிக்கிறேன்.