டெபியன் பொதியில் வழு கண்டால்: சொல்வதற்கும் திருத்துவதற்கும் ஒரு வழிகாட்டி

குறிப்பெடுக்கும் நிரல் ஒன்றில் நீளமான தமிழ்த் தலைப்பைத் தட்டிச் சேமிக்கிறீர்கள். சாளரம் சட்டென்று மறைந்துபோகிறது. மறுபடி திறந்து தலைப்பை ஆங்கிலத்தில் வைத்தால் ஒழுங்காகச் சேமிக்கிறது. இந்த இடத்தில் நம்மில் பலர் சலித்துக்கொண்டு ஆங்கிலத் தலைப்புக்கே போய்விடுகிறோம். ஆனால் அந்த நிரலை எழுதியவர் தமிழ் அறியாதவர் என்றால், அவருடைய கணினியில் இந்தக் கோளாறு ஒருநாளும் தலைகாட்டாது. நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் லினக்ஸில், சொல்வதற்கான வாசல் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. 1997இல் வெளியிட்ட சமூக ஒப்பந்தத்திலேயே 'சிக்கல்களை மறைக்கமாட்டோம்' என்ற உறுதியை டெபியன் தந்தது. அதன் வழுப் பதிவேட்டை யாரும் படிக்கலாம், ஒரு மின்னஞ்சலில் யாரும் எழுதலாம்.

விளக்க வசதிக்காக மேலே சொன்ன நிரலுக்குக் 'குறிப்பேடு' என்று கற்பனைப் பெயர் வைத்துக்கொள்வோம். அதன் பொதியின் பதிப்பு 2.4-1. கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

1. யாருடைய வழு என்று பாருங்கள்

முதலில் கணினியைப் புதுப்பித்துவிட்டு மறுபடி முயலுங்கள். வழு அப்படியே இருந்தால், அது எந்தப் பொதியில் இருக்கிறது என்று தேட வேண்டும். கோளாறு தரும் கோப்பின் முழுப் பாதையை 'டிபிகேஜி -எஸ்' கட்டளைக்குக் கொடுத்தால் (இதில் எஸ் பெரிய எழுத்து) அது பொதியின் பெயரைச் சொல்லும். 'ஆப்ட் பாலிசி' கட்டளை, நிறுவியிருக்கும் பதிப்பு எது, அது எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்று காட்டும்.

களஞ்சியத்தின் பெயரைக் கவனிப்பது முக்கியம். வெளியார் களஞ்சியத்திலிருந்தோ ஃபிளாட்பேக் வழியாகவோ வந்த நிரலின் வழுவை டெபியனுக்கு அனுப்பினால், பொதியைப் பராமரிப்பவர் தான் செய்யாத ஒன்றைத் தேடி அலைவார். உபுண்டு பயனர்கள் உபுண்டுவின் பதிவேட்டுக்குத்தான் முதலில் எழுத வேண்டும்.

2. வழுவைச் சுருக்குங்கள்

இந்தப் படியில் செலவிடும் அரைமணி நேரம், பராமரிப்பவரின் அரைநாளை மிச்சப்படுத்தும். நிரலின் அமைப்புக் கோப்புகளை ஓரமாக நகர்த்திவிட்டோ, புதிய பயனர் கணக்கு ஒன்றிலோ சோதியுங்கள். வழு மீண்டும் வந்தால் அது உங்கள் சொந்த அமைப்பால் வந்ததல்ல.

இனி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். தலைப்பில் இடைவெளி இல்லாவிட்டாலும் வருகிறதா? புள்ளி வைத்த எழுத்து இல்லாவிட்டாலும் வருகிறதா? கடைசியில் 'க' என்ற ஓரெழுத்தை மட்டும் திரும்பத் திரும்பத் தட்டிப் பாருங்கள். குறிப்பேட்டில் 33 'க' வரை சேமிக்கிறது. 34ஆவது 'க' சேர்ந்ததும் நிரல் விழுகிறது. ஆங்கில 'ஏ'யை 200 முறை தட்டினாலும் விழுவதில்லை.

காரணம் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் இடம் கொள்கிறது; ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். 33 'க' 99 பைட். 34 'க' 102 பைட். நிரல் தலைப்பை 100 பைட்டோடு கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிறது என்று ஊகிக்கலாம். வெட்டு 34ஆவது எழுத்தின் நடுவே விழ, எஞ்சிய ஒற்றை பைட் எந்த எழுத்தாகவும் இல்லாமல் நிற்கிறது; அதைப் படிக்க முயலும்போது நிரல் நிலைகுலைகிறது. இந்த ஊகம் தவறாகவும் இருக்கலாம். '33 வரை சரி, 34இல் விழுகிறது' என்ற கண்டறிதல் தவறாகாது. அறிக்கையில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

நிரல் விழும்போது உள்ளே எந்தச் செயல்கூற்றில் விழுந்தது என்ற தடத்தையும் எடுக்கலாம். சிஸ்டம்டி-கோர்டம்ப், ஜிடிபி ஆகிய பொதிகளை நிறுவி, வழுவை மறுபடி வரவழைத்து, 'கோர்டம்ப்சிடிஎல் ஜிடிபி' என்று இயக்கி, 'பிடி' என்று தட்டினால் தடம் கிடைக்கும்.

3. முன்பே பதிவானதா என்று தேடுங்கள்

பக்ஸ் டாட் டெபியன் டாட் ஆர்க் தளத்தில் பொதியின் பெயரைக் கொடுத்தால் திறந்திருக்கும் வழுக்கள் வரிசையாக வரும். உங்கள் வழு அங்கே இருந்தால் புதிய அறிக்கை வேண்டாம். அந்த வழு எண்ணின் மின்னஞ்சல் முகவரிக்கே உங்கள் பதிப்பு எண்ணையும் 34 'க' சோதனையையும் அனுப்புங்கள். 'எனக்கும் வருகிறது' என்ற ஒற்றை வரியால் யாருக்கும் பயனில்லை. புதிய தகவல் ஒன்றாவது இருக்க வேண்டும்.

4. அறிக்கை எழுதுங்கள்

'ரிப்போர்ட்பக்' என்ற கருவியை நிறுவி, பொதியின் பெயரோடு இயக்குங்கள். அது முன்பே பதிவான வழுக்களைக் காட்டும். பதிப்பு எண், கெர்னல், மொழி அமைப்பு, சார்புப் பொதிகள் ஆகியவற்றைத் தானே சேர்த்துக்கொள்ளும். கருவி இல்லாமல் சப்மிட் அட் பக்ஸ் டாட் டெபியன் டாட் ஆர்க் முகவரிக்கு நேராகவும் எழுதலாம். அப்போது அஞ்சலின் உடலில் முதல் வரியாகப் பொதியின் பெயரும் அடுத்த வரியில் பதிப்பும் இருக்க வேண்டும்.

அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுங்கள். இலக்கணப் பிழைக்கு அஞ்ச வேண்டாம். சிறு சிறு வாக்கியங்கள் போதும். பொருள்வரி 'தமிழ் வேலை செய்யவில்லை' என்று இருந்தால் யாருக்கும் எதுவும் விளங்காது. '34 தமிழ் எழுத்துள்ள தலைப்பைச் சேமிக்கையில் நிரல் விழுகிறது' என்றால் பட்டியலில் பார்த்தவுடன் புரியும். உடலில் மூன்று செய்திகள்: என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது. பிழைச்செய்தியைப் படமாக எடுக்காமல் எழுத்தாக ஒட்டுங்கள், தேடலில் அகப்படும். தமிழ் எழுத்து தெரியாத பராமரிப்பவருக்காகச் சோதனைத் தலைப்பைத் தனிக் கோப்பாக இணையுங்கள். ஓர் அறிக்கையில் ஒரே வழு.

கடுமையைக் குறிக்க ஏழு நிலைகள் உண்டு: கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ், இம்பார்ட்டன்ட், நார்மல், மைனர், விஷ்லிஸ்ட். முதல் மூன்றும் அடுத்த வெளியீட்டையே தடுக்கவல்லவை என்பதால் நிதானித்துத் தேர்ந்தெடுங்கள். நிரல் விழுந்தாலும் பழைய குறிப்புகள் பத்திரமாக இருந்தால் நார்மல் அல்லது இம்பார்ட்டன்ட் போதும். விழும்போது முன்பு சேமித்த குறிப்புகள் அழிந்துபோனால் அது தரவு இழப்பு. கிரேவ் என்று குறிப்பதே முறை.

இரண்டு எச்சரிக்கைகள். அறிக்கையும் உங்கள் மின்னஞ்சல் முகவரியும் பொதுவெளியில் நிரந்தரமாக இருக்கும். இணைக்கும் கோப்பில் சொந்த விவரம் எதுவும் வேண்டாம். இன்னும் வெளியே தெரியாத பாதுகாப்பு ஓட்டையைக் கண்டால் பதிவேட்டில் எழுதாமல் டெபியன் பாதுகாப்புக் குழுவுக்குத் தனி அஞ்சல் அனுப்புங்கள்.

5. அனுப்பிய பிறகு விலகிப்போகாதீர்கள்

சிறிது நேரத்தில் வழு எண்ணோடு பதில் அஞ்சல் வரும். இனி எல்லாப் பேச்சும் அந்த எண்ணின் முகவரியில்தான். பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்; பதில் வர வாரங்கள் ஆகலாம். 'மோர்இன்ஃபோ' என்ற குறிச்சொல் விழுந்தால், அவர் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்று பொருள். பல வழுக்கள் திருத்தப்படாமலே மூடப்படுவது, கேட்ட கேள்விக்கு அறிவித்தவர் பதில் தராததால்தான்.

6. நீங்களே திருத்துங்கள்

நிரல் எழுதப் பழகியவர் என்றால் இதையும் செய்யலாம். திருத்தம் அன்ஸ்டேபிள் கிளைக்கே முதலில் போவதால், அன்ஸ்டேபிள் நிறுவிய மெய்நிகர் கணினியில் வேலை செய்யுங்கள். பில்ட்-எசென்ஷியல், டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பொதிகளை நிறுவி, மூலக் களஞ்சியத்தை இயக்கிக்கொள்ளுங்கள். பிறகு:

அ) 'ஆப்ட் சோர்ஸ்' மூலம் மூலநிரலை இறக்குங்கள், கட்டத் தேவையானவற்றை 'ஆப்ட் பில்ட்-டெப்' நிறுவித் தரும்.

ஆ) எதையும் மாற்றாமல் ஒருமுறை 'டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ்' கொண்டு கட்டுங்கள். கையொப்பம் தேவையில்லை என்பதற்கு '-யூஎஸ் -யூசி' தெரிவுகளைச் சேருங்கள். மாற்றாத நிரலே கட்டப்படாவிட்டால் அது வேறொரு வழு.

இ) வழுவைத் திருத்துங்கள். குறிப்பேட்டில் 100ஆவது பைட்டில் வெட்டும் வரியைத் தேடி, முழு எழுத்தின் எல்லையில் மட்டும் வெட்டுமாறு மாற்ற வேண்டும். குறியின் எல்லையில் வெட்டினால் நிரல் விழாது. ஆனாலும் 'க்' என்பதில் புள்ளி மட்டும் வெட்டுப்பட்டு 'க' ஆகிவிடலாம். மெய்யும் அதன் புள்ளியும், உயிர்மெய்யும் அதன் துணைக்குறியும் பிரியாமல் வெட்டுவதுதான் முழுமையான திருத்தம். தமிழ் அறிந்தவருக்கே இது தோன்றும்.

ஈ) 'டிபிகேஜி-சோர்ஸ் --கமிட்' மூலம் மாற்றத்தைப் பேட்ச் ஆக்குங்கள். அதன் தலைப்பில் என்ன மாற்றினீர்கள், ஏன், எந்த வழு எண் என்று எழுதுங்கள்.

உ) 'டிசிஹெச் --என்எம்யூ' கட்டளையால் மாற்றக்குறிப்பில் ஒரு பதிவு சேருங்கள், பதிப்பு 2.4-1.1 ஆகும். அந்தப் பதிவில் 'குளோசஸ்:' என்று எழுதி, # குறியோடு வழு எண்ணைத் தந்தால், பொதி ஏற்றப்படும்போது வழு தானே மூடிக்கொள்ளும்.

ஊ) மறுபடி கட்டி, நிறுவி, 33, 34 'க' இரண்டையும் சோதியுங்கள். 'லின்டியன்' கருவி பொதியின் மற்றக் குறைகளைச் சொல்லும்.

எ) பழைய, புதிய மூலப்பொதிகளின் வேறுபாட்டை 'டெப்டிஃப்' கொண்டு எடுத்து, வழு எண்ணின் முகவரிக்கு அனுப்பி, 'பேட்ச்' குறிச்சொல்லைச் சேருங்கள்.

பராமரிப்பவர் அதை ஏற்றுக்கொண்டு புதிய பொதியை ஏற்றலாம். அவர் நெடுநாள் மௌனமாக இருந்தால், டெபியன் உருவாக்குநர் ஒருவர் உங்களுக்காக 'என்எம்யூ' ஏற்றலாம். பராமரிப்பவர் அல்லாதவர் ஏற்றுவதற்கு அந்தப் பெயர். அன்ஸ்டேபிளில் ஏறிய பொதி, புதிய பெரிய வழு எதுவும் கிளம்பாவிட்டால், பொதுவாகச் சில நாள் கழித்து டெஸ்டிங் கிளைக்கு நகரும்.

7. மூலத்திட்டத்துக்கும் கொண்டுசெல்லுங்கள்

வழு டெபியன் பொதியாக்கத்தில் இல்லாமல் நிரலிலேயே இருந்தால், அதை எழுதிய மூலத்திட்டத்துக்கும் பேட்சை அனுப்புங்கள். இதன் அருமையை டெபியன் வருத்தத்தோடு கற்றுக்கொண்டது. 2006இல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில், வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவியின் எச்சரிக்கையை நீக்குவதற்காக ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். அது தற்செயல் எண்களுக்கு வேண்டிய மூலப்பொருளை அடைத்துவிட்டது. மாறக்கூடியதாக எஞ்சியது செயல்முறை எண் மட்டுமே, இயல்பு அமைப்பில் 32,768 சாத்தியங்கள். 2008 மே 13இல் அறிவிப்பு வரும்வரை அது வெளியே தெரியவில்லை. பிறகு உலகெங்கும் எஸ்எஸ்ஹெச் சாவிகளை மாற்ற வேண்டியிருந்தது. நல்லெண்ணத்தில் செய்த திருத்தம், டெபியனுக்குள்ளேயே தங்கிவிட்டதால் விளைந்தது இது. நிரலை முழுதாக அறிந்தவர்களின் பார்வை படும் இடம் மூலத்திட்டம்தான்.

பேட்சோடு அந்த 34 'க' சோதனையையும் சேர்த்து அனுப்புங்கள். மூலத்திட்டத்தின் தானியங்குச் சோதனைகளில் அது இடம்பெற்றுவிட்டால், ஐந்தாண்டு கழித்துத் தமிழே அறியாத ஒருவர் அந்த வரியை மாற்றி எழுதினாலும், தவறிழைத்த அந்தக் கணமே சோதனை தோற்று அவரை நிறுத்தும்.