விளக்கு மறையட்டும், வெளிச்சம் தெரியட்டும்

கேள்வி: புது வீட்டின் முன்பக்கத்துக்கும் தோட்டத்துக்கும் எளிமையான விளக்குகள் போட ஆசை. கடைக்குப் போனால் குழப்பமே மிஞ்சுகிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பல்பு நேராகக் கண்ணில் படக் கூடாது. எளிமையான விளக்கின் முதல் இலக்கணம் இதுதான். டென்மார்க்கின் பௌல் ஹென்னிங்சன் 1920-களிலேயே மூன்று அடுக்கு மூடிகளால் பல்பை மறைத்து, கண் கூசாத விளக்கை வடிவமைத்தார்.

சுவருக்கு, ஒளியைக் கீழ்நோக்கி மட்டும் பாய்ச்சும் சின்னப் பெட்டி விளக்கு போதும். வாசற்படிகளின் விளிம்புக்கு அடியில் மெல்லிய எல்.இ.டி. பட்டை ஒட்டினால் கால் வைக்கும் இடம் தெளிவாகத் தெரியும். தோட்டத்து நடைபாதைக்கு முழங்கால் உயர விளக்குகள் நல்லவை.

வாங்கும்போது அட்டைப்பெட்டியில் இரண்டு எண்களைப் பாருங்கள். 2700 முதல் 3000 கெல்வின் என்றால் இதமான மஞ்சள் ஒளி. பளீர் வெள்ளைக்கு வரும் அளவு பூச்சிகளும் வராது. ஐ.பி. 65 என்றால் தூசி புகாது, தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும்.

அதற்கு முன், ஓர் இரவு டார்ச்சோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். எங்கே வெளிச்சம் வேண்டும், எங்கே இருட்டே அழகு என்பதை உங்கள் கண்ணே சொல்லிவிடும்.