கதிரின் கண்ணுக்குச் சொட்டு மருந்து

ஆலங்குடி

அன்புள்ள செல்விக்கு,

பெரியப்பா எழுதுவது. மதுரை அரவிந்தில் கதிருக்கு மாறுகண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் அப்பா போனில் சொன்னான். 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 கட்டில் போட்டு ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. ஆபரேஷனைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. இனி நீ வீட்டில் ஊற்றப்போகும் சொட்டு மருந்தைப் பற்றித்தான் கவலை. பார்மசிஸ்டாக இருந்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

விழியை இழுக்கும் தசையை இடம் மாற்றித் தைத்திருக்கிறார்கள். அந்த இடம் சிவந்துதான் இருக்கும், முழுசாக அடங்கச் சில வாரம் பிடிக்கும். வீக்கத்தை அடக்கக் கொடுக்கும் மருந்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். பிரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், பார். டாக்டர் சொன்ன நாள்வரை அது அருமையான மருந்து. கண் வெளுத்துவிட்டதே என்று நீயாக நிறுத்தினால் வீக்கம் திரும்பலாம். சீட்டில் எழுதிய தேதியைத் தாண்டி ஊற்றினாலோ கண்ணுக்குள் பிரஷர் ஏறலாம். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் ஏறும். வலியே தெரியாமல் பார்வை நரம்பு கெடும். போன பார்வை திரும்ப வராது, செல்வி. மறுபரிசோதனைத் தேதியைத் தவற விடாதே என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

காலிப் பாட்டிலைக் காட்டி மெடிக்கலில் மறுபடி வாங்காதே. பிறகு எப்போதாவது கண் சிவந்தால் மிச்சம் இருப்பதை ஊற்றவும் கூடாது. கிருமிப் புண்ணாக இருந்தால் கருவிழிக்கே ஆபத்து. திறந்து ஒரு மாதம் ஆன பாட்டிலைத் தூக்கிப் போடு. மதுரையில் அரோலேப் கம்பெனியிலேயே கண் மருந்து தயாராகிறது, பாதுகாத்து வைக்கிற அளவுக்கு விலை இல்லை.

ஊற்றும்போது கதிர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அழுவான். மல்லுக்கு நிற்காதே. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள். மல்லாக்கப் படுக்கவைத்து, மூடிய கண்ணின் மூக்கோரக் குழியில் ஒரு சொட்டு விடு. அவன் கண் திறந்ததும் தானாக உள்ளே போய்விடும். பிறகு மூக்கோரத்தில் ஒரு நிமிஷம் விரலால் மெல்ல அழுத்திக்கொள், மருந்து தொண்டைக்கு அதிகம் இறங்காது. பால்போல் வெள்ளையாக இருக்கும் மருந்து அடியில் தங்கும், குலுக்கி ஊற்று. பாட்டில் வாய் இமையில் படக்கூடாது. இரண்டு மருந்து கொடுத்திருந்தால் நடுவே 5 நிமிஷம் விடு.

தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் என்று யார் வந்து சொன்னாலும் கேட்காதே. டாக்டர் சொல்லும்வரை குளத்துப் பக்கம் அவனை விடாதே. முதல் சில நாள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்பான், பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் வலி கூடினாலோ, சீழ் வந்தாலோ, இமை வீங்கி மூடிக்கொண்டாலோ, பார்வை மங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று இருக்காதே. மதுரை தூரம் என்றால் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கிக்கொண்டு போ.

சீட்டையும் பாட்டில் லேபிளையும் போட்டோ எடுத்து இன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பு. எந்த மருந்து எத்தனை வேளை, என்றைக்குக் குறைக்க வேண்டும் என்று காலண்டரில் குறிக்க எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா